குழந்தையின் குருதியும் அறிவின் கடனும்

மேற்கு ஆபிரிக்காவின் வைத்தியசாலை ஒன்றிற்குக் காய்ச்சலோடு கொண்டுவரப்படும் குழந்தையின் குருதியிடம் இரண்டு கேள்விகள் கேட்கப்படுவதுண்டு. இக்குழந்தையின் உடலில் மலேரியா ஒட்டுண்ணி இருக்கிறதா என்பது முதலாவது. அவ்வொட்டுண்ணியை எதிர்த்து இவ்வுடல் எவ்வாறு போராடுகிறது என்பது இரண்டாவது. முதலாவது கேள்வி குழந்தையின் நன்மைக்காகக் கேட்கப்படுவது. விடை கிடைத்ததும் மருந்து கொடுக்கப்படும். இரண்டாவது கேள்வி விஞ்ஞானத்தின் பொருட்டுக் கேட்கப்படுவது. அதன் விடை பெரும்பாலும் குழந்தை வீடு திரும்பிய பின்னரோ, திரும்பாமலே போய்விட்ட பின்னரோதான் வெளிவருகிறது. ஒரே ஊசியால் எடுக்கப்பட்ட குருதியில் ஒரு பகுதி குழந்தைக்கு உரியது என்பதில் ஐயமில்லை. மறுபகுதி யாருக்கு உரியது? அதை எடுப்பவர் அக்குழந்தைக்கு என்ன கடன்பட்டிருக்கிறார்?

இதனை வைத்தியர்களும் ஆய்வாளரும் தமக்குள் பேசித் தீர்க்கவேண்டிய தொழில் விவகாரம் என்று ஒதுக்கிவிட முடியாது. உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பின்படி 2023ஆம் ஆண்டில் ஏறத்தாழ 597,000 பேர் மலேரியாவினால் மாண்டனர். அவர்களுள் நூற்றுக்கு 95 பேர் ஆபிரிக்கப் பிராந்தியத்தைச் சேர்ந்தவர்கள். அப்பிராந்தியத்தில் இறந்தோருள் ஏறத்தாழ நாலில் மூன்று பங்கினர் 5 வயதை எட்டாத குழந்தைகள். உலக மொத்தத்தில் நைஜீரியாவின் பங்கு மாத்திரம் நூற்றுக்கு ஏறத்தாழ 31. இத்துணைச் சாவு நிகழும் இடத்தில் ஆராய்ச்சி நடைபெறாதிருப்பதே அநீதியாகும். ஆனால், நடைபெறும் ஆராய்ச்சியின் பாரத்தைச் சுமப்பது குழந்தையின் உடல். ஆதலால் அவ்வாராய்ச்சி எதற்காக, எவ்வாறு, யாருடைய பொருட்டு நடைபெறுகிறது என்று கேட்கும் உரிமை சமூகம் முழுவதற்கும் உண்டு.

பொதுப்படப் பேசுவதிலும் பார்க்க ஒரு குறித்த உதாரணத்தை எடுத்து ஆராய்வது பயன் தரும். அடினோசின் டீஅமினேஸ் என்று ஒரு நொதியம் இருக்கிறது. அடினோசின் என்னும் பொருளிலிருந்து அமோனியாவைப் பிரித்து, அதனை இனோசின் என்னும் வேறொரு பொருளாக மாற்றுவது இதன் தொழில். தொழில் சிறிதெனினும் அதன் விளைவு பெரிது. 1972இல் அமெரிக்காவின் சியாற்றில் நகரில் குருதிப் புரதங்களின் மரபு வேறுபாடுகளை ஆராய்ந்துவந்த எலோயிஸ் கிப்லெட் என்னும் பெண் விஞ்ஞானி, நோய்களை எதிர்க்கும் ஆற்றல் பிறவியிலேயே குன்றியிருந்த இரு குழந்தைகளின் குருதியில் இந்நொதியம் அறவே இல்லாதிருப்பதைக் கண்டார். இந்நொதியம் இல்லாதவிடத்து, அது அகற்றவேண்டிய பொருள்கள் உடலில் தேங்கி, நிர்ப்பீடனத்தின் படைவீரர்களான நிணநீர்க்குழியங்களை நஞ்சாகி அழிக்கின்றன. அக்குழியங்கள் கிளர்ந்து பெருகும்போதோ இந்நொதியத்தின் செயற்பாடு மிகுகிறது. எனவே, குருதியில் இதன் அளவு கூடியிருக்கக் கண்டால், உடலின் எதிர்ப்புப் படை விழித்துக்கொண்டது என்று ஊகிக்க இடமுண்டு. இவ்வாறு ஓர் உள்நிகழ்ச்சியை வெளியே காட்டித்தரும் பொருளைக் குறிகாட்டி என்கிறோம்.

இக்குறிகாட்டியை அளப்பதற்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. நொதியம் விடுவிக்கும் அமோனியாவைப் பீனோலோடும் ஐப்போகுளோரைற்றோடும் சேர்த்தால் நீல நிறம் தோன்றும். நீலம் எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு நொதியம். ஒரு நிறமானியும் சில இரசாயனப் பொருள்களும் உள்ள எளிய ஆய்வுகூடத்திலும் இதனைச் செய்துவிடலாம். ஆபிரிக்காவிலும் ஆசியாவிலும் பல ஆய்வாளர் மலேரியா நோயாளரின் குருதியை நலமுடையோரின் குருதியோடு ஒப்பிட்டு, நோயாளரிடத்தில் இந்நொதியம் மிகுந்திருப்பதாக எழுதியுள்ளனர். வசதி குறைந்த நாட்டின் ஆய்வாளன் தன் கைக்கெட்டிய கருவியைக் கொண்டு தன் மக்களின் நோயை அறிய முயல்வது போற்றத்தக்கதே. அந்த நீல நிறம் உண்மையில் எதைச் சொல்கிறது என்பதுதான் நாம் கேட்கவேண்டியது.

நொதியம் கூடியிருக்கிறது என்று மட்டுமே அது சொல்கிறது. எங்கிருந்து கூடிற்று என்று அது சொல்வதில்லை. கிளர்ச்சியுற்ற நிணநீர்க்குழியங்களிலிருந்தும் பெருவிழுங்கிகளிலிருந்தும் அது வந்திருக்கலாம். செங்குழியங்களுக்குள்ளும் இந்நொதியம் உண்டு. மலேரியா ஒட்டுண்ணி செங்குழியங்களை உடைத்துக்கொண்டு வெளியேறுவதால், உடைந்த குழியங்களிலிருந்தும் அது கசிந்திருக்கலாம். ஒட்டுண்ணிக்கும் தனக்கென இத்தகைய நொதியம் ஒன்று உண்டு. தன் கருப்பொருளை ஆக்குவதற்கு வேண்டிய பியூரின்களைத் தானே ஆக்கிக்கொள்ளும் ஆற்றல் அற்ற அவ்வுயிர், மனிதக் குருதியிலிருந்து அவற்றைப் பறித்தே பிழைக்கிறது. அப்பறிப்பின் பாதையிலும் அடினோசின் இனோசினாக மாறும் படி இருக்கிறது. எதிர்க்கும் குழியத்துக்கும் உடைந்த குழியத்துக்கும் உடைக்கும் ஒட்டுண்ணிக்கும் பொதுவான ஒரு பொருளை அளந்துவிட்டு, எதிர்ப்பின் வலிமையை அளந்துவிட்டோம் என்று கூறுவது எவ்வாறு பொருந்தும்? காசநோயிலும் தைபோயிட்டுக் காய்ச்சலிலும் கூட இந்நொதியம் மிகுவதுண்டு. வேறு வேறு நோய்களுக்கு ஒரே முகத்தைக் காட்டும் குறியைக் கொண்டு நோயை இனங்காண இயலாது.

குறிகாட்டிகள் யாவும் பயனற்றவை என்பது இதன் கருத்தன்று. நுரையீரலைச் சூழ்ந்த உறையில் நீர் தேங்கியுள்ள நோயாளிக்கு அந்நீரில் இதே நொதியத்தை அளப்பது காசநோயை அறிவதற்கு நெடுங்காலமாக உதவி வருகிறது. மலேரியாவிலேயே இன்னொரு நொதியம் இருக்கிறது. ஒட்டுண்ணி தன் உயிர்வாழ்வுக்கென ஆக்கும் லக்டேற்று டீஐதரசனேஸ் என்பது மனித உடலின் அதே பெயருடைய நொதியத்தினின்றும் வேறுபட்டது. ஒரு துளிக் குருதியில் அதைக் காட்டும் சோதனைப் பட்டிகள், நுணுக்குக்காட்டி இல்லாத கிராமங்களிலும் சில நிமிடங்களில் நோயை உறுதிசெய்கின்றன. அதே குருதி, அதே விஞ்ஞானம். ஒன்று ஒட்டுண்ணி இருக்கிறதா என்ற திட்டமான கேள்விக்கு விடை தருகிறது. மற்றது உடலில் ஏதோ நிகழ்கிறது என்பதோடு நின்றுவிடுகிறது. இவ்வேறுபாட்டிற்குக் காரணம் கேள்வியின் தன்மையேயன்றிக் கருவியின் தன்மையன்று.

வள்ளுவர் மருந்து என்ற அதிகாரத்தில் மருத்துவனுக்கு ஒரு வரிசையை வகுத்துள்ளார். நோயை அறிதல், அதன் மூலத்தை அறிதல், தணிக்கும் வழியை அறிதல், பின் பொருந்தச் செய்தல் என்பது அவ்வரிசை. குறியிலிருந்து மூலத்துக்குச் செல்லும் இரண்டாம் படியே மிகக் கடினமானது. அப்படியில் கால் தவறினால் யாது நேரும் என்பதற்கு மலேரியா ஆராய்ச்சி வரலாற்றிலேயே துயரமான சான்று ஒன்று உண்டு.

உடல் நோயை எதிர்க்கும்போது வெளிவிடும் புரதங்களுள் ஒன்று டி.என்.எப். எனச் சுருக்கி வழங்கப்படுவது. இது நொதியமன்று, குழியங்களுக்கிடையே செய்தி காவும் புரதம். 1989இல் மலாவி நாட்டுக் குழந்தைகளிடம் நடத்திய ஆய்வு ஒன்று, நோய் கடுமையாக உள்ளோரிடத்தும் இறந்தோரிடத்தும் இப்புரதம் கூடியிருந்ததாகக் காட்டிற்று. 1990இல் காம்பியாவிலிருந்து வந்த ஆய்வும் அவ்வாறே கூறிற்று: மூளையைத் தாக்கும் மலேரியாவினால் இறந்த குழந்தைகளின் குருதியில் அது மிக உயர்ந்திருந்தது. மலேரியாவில் ஒட்டுண்ணி மட்டுமன்றி, அதனை எதிர்த்தெழும் உடலின் சீற்றமும் குழந்தையைக் கொல்லலாம் என்ற கருத்து இதனால் வலுப்பெற்றது. அப்படியானால் அப்புரதத்தை அடக்கினால் குழந்தை பிழைக்குமன்றோ?

அடக்கிப் பார்த்தார்கள். மூளை மலேரியாவோடு வந்த 610 காம்பியக் குழந்தைகளை இரு பிரிவாக்கி, வழமையான சிகிச்சையோடு ஒரு பிரிவினருக்கு அப்புரதத்தைப் பற்றிப்பிடிக்கும் பிறபொருளெதிரியையும் மற்றப் பிரிவினருக்கு வெற்று மருந்தையும் கொடுத்தனர். 1996இல் முடிவு வெளியாயிற்று. பிறபொருளெதிரி பெற்றவர்களுள் நூற்றுக்கு 19.9 பேர் இறந்தனர். பெறாதவர்களுள் நூற்றுக்கு 20.8 பேர் இறந்தனர். உயிர் காப்பதில் வேறுபாடு என்று சொல்லத்தக்கது எதுவுமில்லை. உயிர் தப்பியவர்களுள் நரம்புக் குறைபாடுகள் எஞ்சியோர் வெற்று மருந்துப் பிரிவில் நூற்றுக்கு 2.2 பேர், பிறபொருளெதிரிப் பிரிவில் 6.8 பேர். பிறபொருளெதிரி அப்புரதத்தைக் குருதியிலேயே நெடுநேரம் தங்கவைத்து அதன் தாக்கத்தை நீடித்திருக்கலாம் என்று ஆய்வாளர் கருதினர்.

புகை மிகுந்த இடத்தில் நெருப்பும் மிகுந்திருக்கும். ஆயினும் புகையைப் பிடித்து அடைத்துவிட்டால் நெருப்பு அணைந்துவிடாது. அப்பரிசோதனையை நடத்தியோர் கொடியவர்கள் என்று நான் கூறவில்லை. அவர்கள் ஐயத்தை ஐயமாகவே வைத்து முறையாகச் சோதித்தார்கள். தமக்குப் பாதகமான முடிவையும் மறையாது வெளியிட்டார்கள். சோதியாமலே அம்மருந்து பரவியிருந்தால் தீங்கு இன்னும் பெருகியிருக்கும். நாம் கற்கவேண்டிய பாடம் வேறு. ஓர் அளவு நோயோடு கூடவே உயர்கிறது என்பதற்கும் அதுவே நோயை உண்டாக்குகிறது என்பதற்கும் இடையிலுள்ள தூரத்தை அறிவு கடக்கவேண்டியிருக்கிறது. அத்தூரம் குழந்தைகளின் உடல்மீதே கடக்கப்படுகிறது. ஆகவே குறியை மூலமென்று மயங்குவது தருக்கப் பிழையாக மட்டும் நின்றுவிடுவதில்லை. அது அறப்பிழையாகவும் முடியக்கூடும்.

இனி, சம்மதம் என்ற பிரச்சினைக்கு வருவோம். வளர்ந்தவன் ஒருவன் தன் குருதியை ஆராய்ச்சிக்குத் தருவது ஈகை. குழந்தை ஈவதில்லை, அதனிடமிருந்து எடுக்கிறார்கள். அமெரிக்க இறையியலாளர் போல் றாம்சி 1970இல் இதுபற்றிக் கடுமையான நிலைப்பாடொன்றை எடுத்தார். தனக்கு நன்மை தராத ஆய்விற்குச் சம்மதிக்க இயலாத குழந்தையை அவ்வாய்வில் ஈடுபடுத்துவதே தவறு. பெற்றோரும் அதற்காகச் சம்மதம் தர இயலாது என்றார். கத்தோலிக்க அறிஞரான றிச்சட் மக்கோமிக் 1974இல் அதனை மறுத்தார். மனித சமூகத்தின் உறுப்பினர் என்ற முறையில், ஆபத்து மிக அற்பமாயிருக்குமிடத்துப் பிறர் நன்மைக்கு உதவும் கடமை எல்லோருக்கும் உண்டு. குழந்தைக்குச் சிந்திக்கும் ஆற்றல் இருந்தால் அதுவும் அவ்வாறே விரும்பவேண்டியதாயிருக்கும் என்பது அவர் வாதம்.

றாம்சியின் நெறி தூய்மையானது. ஆனால் அதைப் பின்பற்றினால் குழந்தைகளின் நோய்களைக் குழந்தைகளிடத்து அறியவே முடியாது. பெரியவர்களுக்கெனக் கண்ட மருந்தைச் சிறிதாக வெட்டிக் குழந்தைக்குக் கொடுக்கும் நிலையே மிஞ்சும். ஆபிரிக்காவின் மலேரியா மிகுந்த பகுதிகளில் வளர்ந்தோர் பலமுறை நோயுற்று ஓரளவு நிர்ப்பீடனம் பெற்றுவிடுகின்றனர். கொடிய நோய்க்கு இரையாவது குழந்தைகளே. ஆகவே மக்கோமிக் கூறுவதே வாழ்க்கைக்குப் பொருந்துகிறது. எனினும் அவருடைய வாதத்தில் ஒரு பாதி குறைகிறது. சமூகத்தின் உறுப்பினர் என்ற பெயரால் குழந்தையிடம் கடமையை எதிர்பார்ப்போமானால், அதே பெயரால் அச்சமூகம் குழந்தைக்குச் செய்யவேண்டிய கடமையையும் பேசவேண்டும். ஒருபக்கக் கடமைக்குச் சுரண்டல் என்று வேறு பெயர் உண்டு.

இக்குறை ஒப்பீட்டுக்காகக் குருதி பெறப்படும் நலமுள்ள குழந்தையின் விடயத்தில் மிகத் தெளிவாகத் தெரிகிறது. நோயுற்ற குழந்தைக்காவது சிகிச்சை கிடைக்கிறது. நலமுள்ள குழந்தைக்குக் கிடைப்பது ஊசிக்குத்து மாத்திரமே. பத்துக் கிலோ எடையுள்ள குழந்தையின் உடலில் ஏறத்தாழ 800 மில்லிலீற்றர் குருதி உண்டு. அதில் சில மில்லிலீற்றர் எடுப்பதால் நலமுள்ள குழந்தைக்குத் தீங்கு நேர்வது அரிது. ஆனால் கடும் மலேரியாவில் 100 மில்லிலீற்றர் குருதிக்கு 5 கிராமிலும் குறைவாக ஈமோகுளோபின் வீழ்ந்துவிட்ட குழந்தைக்கு ஒவ்வொரு துளிக்கும் கணக்கு உண்டு. நெரிசல் மிக்க விடுதியில், காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையை மடியில் வைத்திருக்கும் தாயிடம் ஒரு தாள் நீட்டப்படுகிறது. சிகிச்சைக்கான குருதி எது, ஆராய்ச்சிக்கான குருதி எது என்று அவள் பிரித்தறிகிறாளா? ஆய்வில் சேர்ந்தால்தான் நல்ல கவனிப்புக் கிடைக்கும் என்று அவள் எண்ணுவாளாயின், அவளுடைய கையொப்பம் சம்மதமா, வறுமையின் வாக்குமூலமா?

உலக வைத்தியச் சங்கம் 1964இல் ஹெல்சிங்கிப் பிரகடனத்தை நிறைவேற்றியது. எந்த மக்களிடத்து ஆராய்ச்சி நடைபெறுகிறதோ அம்மக்கள் அதன் பயனைப் பெறும் நியாயமான வாய்ப்பு இருக்கவேண்டும் என்ற விதி 2000ஆம் ஆண்டுத் திருத்தத்திலே அதில் இடம்பெற்றது. ஆபிரிக்காவிலும் ஆசியாவிலும் வறிய மக்களின் உடல்களிலிருந்து எவ்வளவோ அறிவு பெறப்பட்ட பின்னரே இச்சிறு வாக்கியம் எழுதப்பட்டது.

நாம் எடுத்துக்கொண்ட நொதியத்தின் கதையே இவ்விதியின் தேவையைக் காட்டுகிறது. 1990 செப்டெம்பர் 14ஆம் நாள், அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில், அடினோசின் டீஅமினேஸ் பிறவியிலேயே இல்லாத நான்கு வயதுச் சிறுமி ஒருத்தியின் வெண்குழியங்களில் குறைந்திருந்த மரபணுவைப் புகுத்தி, அவற்றை மீண்டும் அவள் உடலில் செலுத்தினர். முறைப்படி அனுமதி பெற்ற மரபணுச் சிகிச்சைகளுள் அதுவே முதலாவது. அதே ஆண்டில் இந்நொதியமே மருந்தாகவும் அங்கு அங்கீகரிக்கப்பட்டது. பல இலட்சம் பிறப்புகளுள் ஒன்றில் காணப்படும் குறைபாட்டிற்காக இவ்வளவும் செய்யப்பட்டமை மனித குலத்துக்குப் பெருமையே. அச்சிறுமி பெற்றதை எவரும் குறைகூற வேண்டியதில்லை. ஆனால் அதே நொதியம் கூடியிருப்பதாக அளக்கப்பட்ட ஆபிரிக்கக் குழந்தைக்கு அவ்வளவினால் கிடைத்தது என்ன? ஓரிடத்தில் நொதியத்தின் அளவு சிகிச்சையின் தொடக்கமாயிற்று. மற்றோரிடத்தில் அது அட்டவணையின் ஒரு வரியோடு முடிந்தது. இரு குழந்தைகளின் குருதிக்கும் இடையில் இவ்வேறுபாட்டை வைத்தது இரசாயனவியல் அன்று.

இங்கு ஒரு நியாயமான ஆட்சேபம் எழலாம். அறிவின் பயனை முன்கூட்டியே யாரறிவார்? கிப்லெட் 1972இல் நிர்ப்பீடனக் குறைபாட்டைத் தேடிச் செல்லவில்லை. வேறொன்றைத் தேடிய இடத்தில் அது அகப்பட்டது. உடனடிப் பயன் வேண்டும் என்று வற்புறுத்தினால் அடிப்படை விஞ்ஞானம் அழிந்துவிடாதா? இவ்வாட்சேபத்தில் உண்மை உண்டு. ஆனால் நாம் கேட்பது உடனடிப் பயனன்று. முன்னரே பலர் கண்டதை மீண்டும் ஒருமுறை காண்பதற்காகக் குழந்தையைக் குத்தாதீர். குத்துவதாயின் விடை எதுவாயினும் அடுத்த படி ஒன்று தோன்றத்தக்க கேள்வியைக் கேளுங்கள். சிகிச்சைக்கென எடுத்த குருதியில் எஞ்சியது போதுமாயின் வேறு குருதி எடுக்காதீர். தாய்க்கு அவள் மொழியில் உண்மையைச் சொல்லுங்கள். கண்ட முடிவை, அது வெறுமையாயினும், மறைக்காதீர். அடிப்படை விஞ்ஞானம் இவற்றால் நலிந்துவிடாது, செம்மைப்படும்.

கடனைத் திருப்பிக் கொடுத்த ஆராய்ச்சிக்கும் உதாரணம் இருக்கிறது. கடும் மலேரியாவுக்குப் பழைய கொயினாவா, ஆட்டசுனேற்றா சிறந்தது என்ற எளிய கேள்வியை 9 ஆபிரிக்க நாடுகளின் 5,425 குழந்தைகளிடத்து ஆராய்ந்து 2010இல் விடை கண்டனர். கொயினா பெற்றோருள் நூற்றுக்கு 10.9 பேர் இறந்தனர். ஆட்டசுனேற்றுப் பெற்றோருள் 8.5 பேர். அடுத்த ஆண்டே உலக சுகாதார நிறுவனம் கடும் மலேரியாக் குழந்தைகளுக்கு ஆட்டசுனேற்றைச் சிபாரிசு செய்தது. அவ்வாய்வில் இறந்த குழந்தைகளை அது மீட்டுத் தரவில்லை. ஆயினும் அவர்கள் தந்தது அவர்களுடைய மண்ணிலேயே, பின்வந்த குழந்தைகளுக்கு மருந்தாகத் திரும்பிற்று.

எமது நாட்டிற்கும் இப்பிரச்சினை புதிதன்று. நொதியங்களை அளக்கும் காலத்துக்கு முன்பே குழந்தையின் உடல் மலேரியாவின் அளவுகோலாயிருந்தது. பள்ளிப் பிள்ளைகளின் வயிற்றைத் தொட்டு, மண்ணீரல் வீங்கியோரை எண்ணி, ஊரின் நோய்ப்பாரத்தைக் கணிக்கும் முறை இந்தியாவிலும் இலங்கையிலும் கையாளப்பட்டது. அவ்வாறு அளந்துகொண்டிருந்த இலங்கையில்தான் 1934-35ஆம் ஆண்டுகளின் பெருங்கொள்ளைநோய் ஏறத்தாழ 80,000 பேரைக் கொண்டுசென்றது. அளவு ஆட்சியாளரிடம் இருந்தது. வறண்ட ஆற்றுக் குட்டைகளில் நுளம்பு பெருகிய கிராமங்களிலோ உணவும் இல்லை, மருந்தும் போதவில்லை. பின்னர் கிராமங்கள்தோறும் சிகிச்சையும் நுளம்பு ஒழிப்பும் சென்றபோதே நோய் தணிந்தது. 1963இல் நோயாளர் தொகை 17 ஆகக் குறைந்தது. அந்த எண்ணை நம்பி விழிப்புத் தளர்ந்ததும் 1967-69இல் நோய் மீண்டு இலட்சக்கணக்கானோரைத் தாக்கிற்று. உள்நாட்டில் தொற்றிய இறுதி நோயாளி 2012இல் காணப்பட்டார். 2016இல் இலங்கை மலேரியா அற்ற நாடாக அறிவிக்கப்பட்டது. அவ்வெற்றி பெருந்தொகையான மக்களின் விரல்நுனிகளிலிருந்து எடுத்த குருதித்துளிகளால் ஆயது. ஒவ்வொரு துளிக்கும் பின்னால் ஒரு சிகிச்சை இருந்தமையாலேயே அது வெற்றியாயிற்று.

ஆகவே முதலில் எழுப்பிய கேள்விக்கு இவ்வாறு விடை கூறலாம். ஆராய்ச்சிக்கென எடுக்கப்படும் குருதி ஆய்வாளனுக்கோ அவனுக்குப் பணம் கொடுக்கும் நிறுவனத்துக்கோ உரிமையாகிவிடுவதில்லை. அது இரவற்பொருள். அதை ஈந்த குழந்தைக்குத் திருப்ப இயலாதவிடத்து, அதே நுளம்புக்கு அஞ்சி அதே பாயில் படுத்துறங்கும் அடுத்த குழந்தைக்குத் திருப்பவேண்டும். நொதியத்தின் அளவு கூடிற்று என்று எழுதி முடித்த ஆய்வாளனுக்கு இன்னும் வேலை இருக்கிறது. அவனுக்குக் கருவியும் காலமும் தந்து அவ்வேலையைத் தொடரச் செய்வது, மலேரியாவை மறந்து வாழும் நற்பேறு பெற்ற நாடுகளின் கடன். அந்நாடுகளுள் இன்று எமது நாடும் ஒன்று.